மௌல்மீன் வெள்ளிக்கிழமை: ஒரு பழைய வைத்தியப் புத்தகத்துக்கு வயது கண்ட விதம்

ரங்கூன் பன்சோடன் தெருவில், அந்தக் காலத்துப் பேயர் தெருதான், நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவர்களில் ஒருவர் தமிழ் எழுத்துப் போட்ட காகிதம் எது வந்தாலும் எனக்கென்று எடுத்து வைப்பார். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. பர்மாக்காரர், ஆனால் பன்னிரண்டு வருஷமாக என்னைப் பார்த்துப் பார்த்து எழுத்தின் வளைவை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார். போன மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். பழுப்புக் காலிகோத் துணி அட்டை, முதுகு பிய்ந்து நூல் தெரிந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரே கட்டில் மூன்று புத்தகம். முதலாவது அகத்தியர் பெயரில் வழங்கும் ஒரு வைத்தியப் பாட்டு நூல், இரண்டாவது உணவுப் பொருள்களின் குணம் சொல்லும் பதார்த்த குணம், மூன்றாவது மாட்டு வைத்தியம்.

அட்டையின் உள்பக்கத்தில் யாரோ பென்சிலால் 1862 என்று எழுதியிருந்தார்கள். கடைக்காரர் அந்த எண்ணைக் காட்டித்தான் விலை சொன்னார். இரண்டு லட்சம் கியாட்டில் ஆரம்பித்து ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு இறங்கினார். வாங்கிவிட்டேன். ஆனால் அந்த 1862 எங்கிருந்து வந்தது என்பதுதான் இரண்டு மாதம் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

வந்த இடம் ஒன்றே ஒன்றுதான். முதல் புத்தகத்தின் முகப்புத் தாளில் கீழ்ப்பாதி கிழிந்து போயிருந்தது. அச்சுக்கூடத்தின் பெயர், ஊர், இங்கிலீஷ் வருஷம் எதுவும் மிஞ்சவில்லை. நூலின் பெயரும் அதன் கீழே 'துந்துபி ௵' என்ற ஒற்றை வரியும் மட்டும் இருந்தன. துந்துபி என்றால் 1862 ஏப்ரலில் தொடங்கிய வருஷம். ஆனால் 1922லும் துந்துபி வந்தது, 1982லும் வந்தது. நம் அறுபது வருஷச் சக்கரம் சுற்றிச் சுற்றி வரும், எத்தனையாவது சுற்று என்று சொல்லாது. பென்சிலால் எழுதியவர் தனக்குப் பிடித்த சுற்றை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். 1982 இல்லை என்பது தாளைத் தொட்டாலே தெரிந்தது. அப்படியானால் 1862ஆ, 1922ஆ?

இந்த அறுபது வருஷ வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பழைய மருத்துவப் புத்தகம் சேர்க்கிறவர்களுக்கு 1500ஆம் வருஷம் ஒரு எல்லைக்கோடு. அதற்குள் அச்சானவற்றைத் தொட்டில் காலத்துப் புத்தகம் என்று தனியாக மதிப்பார்கள். நமக்கு அந்தக் கோடு வேறு இடத்தில் விழுகிறது. தமிழ் எழுத்து அச்சானது 1578லேயே, கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கத்தில். அதற்கும் முன்பே, 1563ல், நம் பக்கத்து மருந்துச் சரக்குகளைப் பற்றி கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் எழுதிய புத்தகம் கோவாவில் அச்சாகியிருக்கிறது, போர்த்துகீசிய மொழியில். ஆனால் நம்முடைய வைத்திய ஏடுகள் ஏராளமாக அச்சுக்கு வந்தது 1835ல் அச்சுக்கூடக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டில்தான். யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் டாக்டர் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கொண்டுவந்ததும் அந்தச் சமயத்தில்தான், அவருடைய இரண வைத்தியம் (அறுவை மருத்துவம்) 1867, மனுஷ அங்காதிபாதம் (உடற்கூறு) 1872. எனவே 1862 என்றால் ஓலைச்சுவடியிலிருந்து ஈய அச்செழுத்துக்கு மாறிய முதல் தலைமுறைப் புத்தகம். ஒரு வைத்தியர் வீட்டு ஏடு எப்படி இருந்ததோ அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற புத்தகம். 1922 என்றால், அதுவும் மதிப்பானதே, ஆனால் பல பதிப்பாசிரியர்களின் கை பட்டு வந்ததாக இருக்கலாம். எனக்குத் தொட்டில்தான் வேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்தது. அந்த ஆசை இருக்கிறவன் எந்தச் சாட்சியையும் தன் பக்கம் வளைத்துவிடுவான் என்பதால், ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்கத்திலிருந்தும் கேட்டுப் பார்த்தேன்.

எழுத்தைப் பார்த்தேன். லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவம், றா, னா, ணா சுழித்தது. பார்க்கிற நண்பர்கள் எல்லாம் "ஆஹா, எவ்வளவு பழசு" என்றார்கள். இது சாட்சியே இல்லை. அந்த வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு மாற்றியது 1978ல். 1922லும் அப்படித்தான் அச்சடித்தார்கள். பக்க எண் தமிழ் எண்ணில் இருந்தது, அதுவும் சாய்வுதானே தவிர முடிவு இல்லை.

தாள் கொஞ்சம் பேசியது. முதல் புத்தகத்தின் தாள் மங்கலான வெள்ளை, வளைத்தால் துணி மாதிரி வளைந்து கொடுக்கிறது. கந்தல் துணியிலிருந்து செய்த தாளின் குணம் அது. மூன்றாவது புத்தகத்தின் தாள் ஓரமெல்லாம் தேநீர் நிறம், மூலை தானாகவே உதிர்கிறது. மரக்கூழ்த் தாள், அது பரவலானது 1870களுக்குப் பிறகு. தாள் உடைகிறதா என்று மூலையை மடித்து மடித்துச் சோதிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சோதனை முடியும்போது மூலை கையில் இருக்கும். சரி, முதல் புத்தகம் நல்ல தாள் என்பதால் மட்டும் அது 1862 ஆகிவிடுமா? ஆகாது. 1922லும் காசுள்ள பதிப்பாளர் நல்ல தாள் வாங்கியிருக்கலாம்.

தைப்பையும் பார்த்தேன். முதல் இரண்டு புத்தகமும் நூலில் தைத்தவை. மூன்றாவதில் கம்பி அடித்து, கம்பி துருப்பிடித்து, தாளில் இரண்டு செம்பழுப்புக் கண்கள் மாதிரி கறை. கம்பித் தைப்பும் 1870களுக்குப் பிந்திய வழக்கம்தான்.

அப்புறம் வந்தது என் வயிற்றைக் கலக்கிய சாட்சி. மொத்தக் கட்டின் கடைசித் தாள் ஒரு விளம்பரம். புத்தகப் பட்டியல், விலை அணாவில், கீழே 'வெளியூராருக்கு வி.பி.யில் அனுப்பப்படும்' என்று ஒரு வரி. தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பார்சலை வாங்குகிற அந்த வி.பி. முறை இந்தியத் தபாலில் வந்ததே 1877ல். 1937ல் பர்மா பிரியும்வரை நாமும் அதே தபாலுக்குள் இருந்ததால் மதராசில் அச்சான புத்தகம் ரங்கூனுக்கு வி.பி.யில் வருவது சாதாரண விஷயம். ஆக அந்தத் தாள் 1862ல் அச்சாகியிருக்க வழியே இல்லை. ஒரு நாள் முழுக்க 'முடிந்தது, இது 1922' என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இராமபாணம்தான் என்னைக் காப்பாற்றியது. புத்தகத்தைத் துளைக்கிற பூச்சிக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அது, அவ்வளவு நேராகப் போகும். முதல் புத்தகத்தில் 9ஆம் பக்கத்தில் ஒரு துளை தொடங்குகிறது. ஊசி நுழைகிற அளவு. ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன், துளை மெதுவாக முதுகுப் பக்கம் நகர்ந்து நகர்ந்து முதல் புத்தகத்தின் கடைசித் தாளையும் துளைத்து வெளியேறுகிறது. அடுத்த தாள், அதாவது பதார்த்த குணத்தின் முதல் தாள், சுத்தமாக இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. தாளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, சாப்பாட்டு மேசை விளக்கை இறக்கி வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பூச்சி ஒரு புத்தகத்தின் கடைசித் தாளைத் துளைத்துவிட்டு ஒட்டிக்கொண்டிருக்கிற அடுத்த தாளைத் தொடாமல் விட்டிருக்காது. அப்படியென்றால் துளை விழுந்தபோது இந்தப் புத்தகங்கள் ஒரே கட்டில் இல்லை. தனித்தனியாக இருந்தவற்றை யாரோ பிற்பாடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். விளம்பரத் தாள் மூன்றாவது புத்தகத்தோடு வந்தது, அதன் வயது முதல் புத்தகத்தைக் கட்டாது.

பழைய வைத்தியப் புத்தகம் வாங்குகிறவர்கள் இதை மனசில் வைக்க வேண்டும். அந்தக் காலத்து வைத்தியர்களும் செட்டியார் வீடுகளும் நாலைந்து சின்னப் புத்தகத்தை ஒன்றாகக் கட்டிக்கொள்வது வழக்கம், கட்டுக் கூலி மிச்சம். வெளியே ஒரு புத்தகம், உள்ளே நாற்பது ஐம்பது வருஷம் ஒன்றோடொன்று உட்கார்ந்திருக்கும்.

சரி, பழைய கேள்விக்கே வந்து நின்றேன், 1862ஆ 1922ஆ. முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பாட்டு முடிந்த வெற்றிடத்தில், பழுப்பேறிய மசியில் ஒரு குறிப்பு இருந்தது: 'பிரமோதூத ௵ சித்திரை ௴ ௰௧ ௳ வெள்ளிக்கிழமை மௌல்மீனில் வாங்கினது.' அதாவது பிரமோதூத வருஷம் சித்திரை மாதம் 11ஆம் தேதி, தெற்கே இருக்கிற துறைமுக ஊரான மௌல்மீனில். இதை முதல் நாளே படித்துவிட்டேன், ஆனால் பயனில்லை என்று தள்ளியிருந்தேன். பிரமோதூதவும் இரண்டு தடவை வருகிறதே, 1870லும் 1930லும். துந்துபியின் சிக்கலே இதற்கும்.

தட்டோன் பக்கத்தில் ஒரு வைத்தியர் தாத்தா இருக்கிறார், எண்பது தாண்டியவர், இன்னும் தைலம் காய்ச்சுகிறார். புத்தகத்தை நேரில் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் குறிப்பை வாய்விட்டுப் படித்தார். ௵, ௴, ௳ எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் சந்தேகத்தைச் சொன்னதும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, தேதியை விடு, கிழமையைப் பாரு," என்றார். "வெள்ளிக்கிழமைன்னு மெனக்கெட்டு எழுதியிருக்கான் பாரு. அறுபது வருஷம் கழிச்சு அதே தேதி அதே கிழமையில வராது."

பஸ்ஸில் திரும்பும்போதே கணக்குப் போட்டேன். நம் சூரிய வருஷம் 365 நாளும் கால் நாளும் கொஞ்சமும். அறுபது வருஷத்துக்கு 21,915 நாளும் ஏறக்குறைய அரை நாளும். ஏழால் வகுத்தால் மீதி ஐந்தரை. அதாவது ஒரு சுற்று கழித்து அதே மாதம் அதே தேதி ஐந்து அல்லது ஆறு கிழமை தள்ளித்தான் விழும். ஒருபோதும் அதே கிழமையில் விழ முடியாது. எவ்வளவு அழகான பூட்டு! எழுதியவருக்கு அது பூட்டென்று தெரியாது, வழக்கப்படி கிழமையைச் சேர்த்து எழுதினார். இந்தக் கணக்குகளுக்கென்றே எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911ல் பெரிய அட்டவணைப் புத்தகம் போட்டிருக்கிறார். கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர்கள் அதைத்தான் கையில் வைத்திருப்பார்கள், நாம் ஏன் வைத்தியப் புத்தகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

1870ல் சித்திரை முதல் தேதி ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை. எனவே சித்திரை 11 ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை. 1930ல் சித்திரை முதல் தேதி ஏப்ரல் 13, ஞாயிறு. சித்திரை 11 ஏப்ரல் 23, புதன்கிழமை. குறிப்பில் இருப்பது வெள்ளி. 1870ல் ஒருவர் மௌல்மீனில் காசு கொடுத்து வாங்கிய புத்தகம் 1922ல் அச்சாகியிருக்க முடியாது. முதல் புத்தகம் 1862ன் துந்துபிதான். பென்சில்காரர் சொன்னது சரி. எப்படிச் சரி என்று இப்போது காட்டவும் முடியும். எதிர்க்கேள்வி ஒன்று நானே கேட்டுக்கொண்டேன், யாராவது பின்னால் பழைய தேதி போட்டு எழுதியிருக்கலாமே? மசி இரும்பு மசி, தாளை உள்ளே அரித்து எழுத்துகளின் சுழியில் ஊசித் துளை விழுந்திருக்கிறது. அந்த இராமபாணத் துளையும் குறிப்பின் ஒரு எழுத்தை வெட்டிக்கொண்டு போகிறது. முதலில் எழுத்து, பிறகு பூச்சி, அப்புறம் கட்டு. இந்த வரிசையில் ஏமாற்று வேலைக்கு இடம் எனக்குத் தெரியவில்லை.

1870 என்ற வருஷத்தையும் யோசித்துப் பாருங்கள். சூயஸ் கால்வாய் திறந்து சில மாதம்தான் ஆகியிருக்கிறது, பர்மா அரிசிக்குக் கிராக்கி ஏறப்போகிற நேரம், நம்மவர்கள் கப்பல் கப்பலாக வரத் தொடங்குகிற காலம். அந்த நேரத்தில் மௌல்மீனில் ஒரு ஆள் தமிழ் வைத்தியப் புத்தகத்தை வாங்கிக் கிழமையோடு குறித்து வைக்கிறார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்ற கவலை அந்தக் குறிப்பில் எனக்குக் கேட்கிறது. 1942ல் ஜப்பான்காரர் வந்தபோது நடந்தே போனவர்களும், கடைகளை அரசு எடுத்துக்கொண்டதால் 1964க்குப் பிறகு பெட்டியோடு கப்பலேறியவர்களும் இப்படி எத்தனை புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார்களோ.

ஆள் யார் என்று ஓரங்கள் கொஞ்சம் சொல்கின்றன. பாட்டில் வேம்பு வருகிற இடத்தில் பக்கத்து ஓரத்தில் 'தமா' என்று எழுதியிருக்கிறார். மஞ்சளுக்கு 'நனுவின்'. புளிக்கு 'மஜீ'. எல்லாம் பர்மாப் பெயர், தமிழ் எழுத்தில். தமிழ்ப் பெயரைச் சொன்னால் கடையில் சரக்குக் கிடைக்காது என்பதால் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். அச்சான பாட்டு வேறு பிரதியிலும் கிடைக்கலாம். இந்த ஓரம் உலகத்தில் இந்த ஒரு பிரதியில்தான் இருக்கிறது. (பாட்டில் பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த மருந்துகள் நிறைய உண்டு, படிக்கிறவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், செய்து பார்க்கக் கூடாது.)

இங்கே என் மனசில் இருக்கிற ஒரு வலியைச் சொல்லியாக வேண்டும். நாலு வருஷம் முன்பு இதே கடைக்காரரிடம் ஒரு பாலவாகடம், அதாவது குழந்தை வைத்திய நூல், வாங்கினேன், அதிலும் ஓரக்குறிப்பு இருந்தது. கட்டு தளர்ந்திருந்ததால் ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். நான் ஒன்றும் சொல்லாமல் கொடுத்ததுதான் தப்பு. பளபளவென்று புது அட்டை போட்டு, மூன்று பக்கமும் கட்டர் வைத்து விரல் அகலத்துக்குச் சீவி, அழகாகத் திருப்பிக் கொடுத்தார். வலப்பக்கத் தாள்களில் குறிப்பின் கடைசி எழுத்துகள் போயின, இடப்பக்கத் தாள்களில் முதல் எழுத்துகள் போயின. அன்றைக்குச் சீவலைக் கேட்டு ஓடினேன், குப்பைக்குப் போய்விட்டது. அந்தப் புத்தகத்தை அதற்குப் பிறகு நான் திறக்கவே இல்லை.

அதனால் இந்தக் கட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. பிய்ந்த முதுகு பிய்ந்தபடியே இருக்கிறது, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, அமிலமில்லாத அட்டையில் பெட்டி செய்து படுக்க வைத்திருக்கிறேன். கிழிந்த முகப்புக்கு மட்டும் மெல்லிய ஜப்பான் தாளைக் கோதுமை மாவுப் பசையில் பின்பக்கம் ஒட்டினேன், வேண்டாமென்றால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். செல்லோ டேப் கூடவே கூடாது. பூச்சிக்கு உறைபெட்டியில் ஒரு வாரம் வைப்பது நல்ல முறைதான், ஆனால் நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும், பாதியில் உருகினால் ஈரம் தாளில் இறங்கிவிடும், அதனால் நான் செய்யவில்லை. வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பெட்டியில் போட்டிருக்கிறேன், மாதம் ஒருமுறை தாளைத் திறந்து புதுத் தூள் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். ஆறு மாத மழையில் ரங்கூனில் பூஞ்சைதான் பூச்சியைவிடப் பெரிய எதிரி, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மூன்று புத்தகத்தையும் பிரித்துத் தனித்தனியாக வைக்கச் சொன்னார்கள். செய்ய மாட்டேன். பூச்சித் துளை சொன்ன சாட்சி கட்டு கட்டாக இருக்கும்வரைதான்.

தேதி முடிவான அன்று ராத்திரி, நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாலவாகடத்தை எடுத்தேன். பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது. ழகரத்தின் வால் வரிக்குக் கீழே நீண்டு இடப்பக்கம் திரும்பும், அதே வால். சகரத்தின் தலைக்கோடு கொஞ்சம் ஏறியே இருக்கும், அதே ஏற்றம். ஒரே கை. ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு புத்தகம் நாலு வருஷ இடைவெளியில் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

பாலவாகடத்தில் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த அரை எழுத்துகளை இப்போது படிக்க முடிந்தது. வேப்பங்கொழுந்துக்குப் பக்கத்தில் 'மா' என்று மட்டும் நின்றது, தமா. மஞ்சளுக்கு எதிரே 'நனு', நனுவின். புளிக்கு 'ம' மட்டும். ஒவ்வொன்றாகப் பென்சிலால் தனித்தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். நெல்லிக்காய் வருகிற இடத்தில் 'சி' என்று ஒரே எழுத்து. அகத்தியர் நூலில் நெல்லிக்காய்க்கு எதிரே குறிப்பு இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. மறுநாள் காலையில் தெயின்ஜி சந்தைக்குப் போனேன். நாட்டு மருந்து விற்கிற வரிசையில் ஒரு அம்மா முறத்தில் காய்ந்த நெல்லிக்காயைப் பரப்பி வைத்திருந்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்து, பேர் தெரியாதவன் மாதிரி காயைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். "சிபியூ" என்றார்.

கால் வீசை வாங்கிக்கொண்டு வந்தேன். துண்டுத் தாளில் 'சிபியூ' என்று எழுதி, பாலவாகடத்தில் அந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.